சமையலறை வரைக்கும் வார்த்தை வரணும்

எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று யாரும் உட்காருவதில்லை. அம்மா சமையலறையில் நின்றுகொண்டு கேட்பார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்பாள். நான் ஹாலில்தான் இருப்பேன் என்றாலும் மடியில் யாருடைய ஜிஎஸ்டி கணக்காவது திறந்திருக்கும். மகளுக்கு அவளுடைய புளூடூத் டப்பாவே உலகம். அதைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில், தலை அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்பதெல்லாம் எல்லோரும் படுத்த பிறகு எனக்கு மட்டும் எப்போதாவது வாய்க்கிற சங்கதி.

பழைய ஸ்பீக்கரை மாற்றலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக மனசு அல்லாடிக்கொண்டிருந்தது. படித்த மதிப்புரைகளில் எல்லாம் பாடகர் சரியாக நடுவில் நிற்கிறார், வயலின்கள் இடதுபக்கச் சுவரைத் தாண்டி விரிகின்றன, மிருதங்கம் இரண்டடி பின்னால் கேட்கிறது என்றே எழுதியிருந்தது. எல்லாம் நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்காக எழுதியவை. அந்த நாற்காலி எங்கள் வீட்டில் பெரும்பாலும் காலி. அப்புறம் லட்ச ரூபாயை யாருக்காகச் செலவு செய்வது?

இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ் எனும் அடிநாதத்துக்கு 8 அங்குல ஊஃபர், மேல்சுருதிக்கு 1 அங்குல ட்வீட்டர் கொண்ட இரண்டு மரப்பெட்டிகள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. ரயிலில் பெர்த்துக்கு அடியில் வைத்துக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தவை. ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் 40 வாட். நடுவில் ஒருமுறை ஊஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்துபோய் மாற்றினேன். பழைய ஸ்பீக்கர் வைத்திருக்கும் யாருக்கும் இது தெரிந்த கதைதான்: பாலியுரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்ல இற்றுவிடும். பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் இருபது வருஷத்துக்குள் கதை முடிந்துவிடும். ரப்பர் வளையம் உள்ள ஊஃபர்கள் அதைவிட நெடுநாள் உழைக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முன்பக்கத் துணியைக் கழற்றி, வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

மாற்றலாம் என்ற ஆசையைக் கிளப்பிவிட்டது பெங்களூரில் ஒரு கடை. கணக்கு வேலையாகப் போனவன் மழைக்கு ஒதுங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தரையில் கம்பளம், சுவரெங்கும் திரை, சத்தமே இல்லாத ஏசி, உட்கார்ந்தால் உள்ளே வாங்கிக்கொள்கிற சோஃபா. எதிரே இடுப்பளவு உயர டவர் ஸ்பீக்கர் ஜோடி, விலை 1,30,000. முதலில் ஒரு சின்ன ஜோடியைப் போட்டார்கள், பிறகு டவரை. டவர் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். மாற்றும்போது விற்பனையாளர் கை வால்யூம் பக்கம் போய்வந்தது. ஒரே ஸ்பீக்கரை ஒன்றிரண்டு டெசிபல் கூட்டி வைத்தாலே நம் காது அதை ‘சத்தம் கூடுதல்’ என்று எடுத்துக்கொள்ளாது. ‘தெளிவு கூடுதல்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் போடச் சொன்னேன். செய்தார், பாவம். அப்போதும் டவர்தான் ஜெயித்தது, ஆனால் வித்தியாசம் பாதியாகிவிட்டது. அப்புறம் அவரே, “சார், இதுக்கு உங்க 40 வாட் பத்தாது, ஆம்பும் சேர்த்து மாத்திடுங்க” என்றார். இந்தப் பொழுதுபோக்கில் செலவு இப்படித்தான் கிளை விடும்.

வாட் விஷயத்தில் ஒரு கணக்கு சொல்கிறேன்; கணக்குப் பிள்ளை புத்தி. ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். 87 டெசிபல் என்பது பக்கத்தில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டிய அளவு. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். நாங்கள் வீட்டில் கேட்கிற அளவுக்கு ஆம்ப் கொடுப்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு. ஆகவே ஆம்ப் மாற்றும் பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிற்று. டவர் மட்டும் மனசில் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: “புதுசு வாங்குனா என்ன பாடுறாங்கன்னு வெளங்குமா கண்ணு? இதுல பாட்டு கேக்குது, வார்த்தைதான் புரியல.”

நான் சிரித்தேன். ஹாலில் உட்கார்ந்தால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறதே. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, காது சரியில்லையோ என்று நினைத்தபடியே சமையலறையில் போய் அவர் நிற்கிற இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், நின்று கேட்டேன். டோலக் கேட்டது. புல்லாங்குழல் கேட்டது. பாடகியின் குரல், அதன் ஏற்ற இறக்கம் எல்லாம் கேட்டது. வார்த்தை மட்டும் வாய்க்குள் பாக்கு அடக்கிக்கொண்டு பாடுவது போல வந்தது. மனப்பாடமான பாட்டு என்பதால் இதுநாள் வரை என் மூளையே இட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. தெரியாத பாட்டு ஒன்றைப் போட்டு நின்றேன். பல்லவியின் இரண்டாவது வரி சுத்தமாகப் பிடிபடவில்லை.

இதற்குக் காரணம் தேடியபோதுதான் ஸ்பீக்கர் பற்றிய உருப்படியான விஷயம் ஒன்று எனக்குத் தெளிவானது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம். 200 ஹெர்ட்ஸ் அலை 1.7 மீட்டர். 2,000 ஹெர்ட்ஸ் அலை 17 சென்டிமீட்டர். 3,500 ஹெர்ட்ஸ் அலை வெறும் 10 சென்டிமீட்டர். ஸ்பீக்கரில் அசைந்து ஒலி எழுப்புகிற கூம்பின், அதாவது கோனின், அகலத்தைவிட அலை நீளமாக இருக்கும்வரை ஒலி நான்கு பக்கமும் பரவும். அலை கோனைவிடக் குறுகிவிட்டால் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர் முன்னால் மட்டும் பாயும். என் 8 அங்குல ஊஃபரில் அசைகிற பகுதியின் அகலம் 16, 17 சென்டிமீட்டர். ஆக 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே அது குவிய ஆரம்பித்துவிடும். ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குக் கிராஸ் ஓவர் என்று பெயர். பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் கிராஸ் ஓவர் 3,500 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. அதாவது அதுவரைக்கும் ஊஃபர்தான் பாடுகிறது. அதற்கு மேல்தான் ட்வீட்டர் பொறுப்பேற்கிறது. ட்வீட்டர் 2.5 சென்டிமீட்டர்தான் என்பதால் அது மறுபடி அகலமாகப் பரப்பும். நேரே உட்கார்ந்தால் எல்லாம் சமமாக இருக்கும். பக்கவாட்டில் போனால் 2,000-க்கும் 3,500-க்கும் நடுவே ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளம் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் விஷயம். உயிரெழுத்தின் ஓசை கீழே கிடக்கிறது. மெய்யெழுத்தைப் பிரித்துக் காட்டுகிற நுனியெல்லாம் பெரும்பாலும் 2,000-க்கு மேலே. பழைய லேண்ட்லைன் போனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் விட்டார்கள். அதை வைத்தே ஊர் முழுக்கப் பேசி முடித்தோம். அந்தப் போன் பட்டையின் மேல்பாதியை என் ஸ்பீக்கர் ஹாலின் நடுவில் இருப்பவருக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. சமையலறை வாசல் வலது பெட்டிக்குக் கிட்டத்தட்ட 70 டிகிரி பக்கவாட்டில் இருக்கிறது. அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். பிங்க் நாய்ஸ் என்று தேடினால் யூடியூபில் கிடைக்கும், அருவி கொட்டுகிற மாதிரி ஒரு சீரான இரைச்சல். ஒரே ஒரு ஸ்பீக்கரில் அதைப் போட்டுவிட்டு நேர் எதிரிலிருந்து மெல்லப் பக்கவாட்டுக்கு நடங்கள். நல்ல ஸ்பீக்கரில் இரைச்சல் சீராக மங்கிக்கொண்டே போகும். என்னுடையதில் நாலடி நகர்ந்ததுமே அதன் குணமே மாறி, யாரோ குடத்துக்குள் வாயை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்கிற மாதிரி ஆகிவிட்டது.

இதை ஆராய்ச்சியாகவே செய்தவர் ஃபிளாய்ட் டூல். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் பல வருஷம் இருந்து, பிறகு ஸ்பீக்கர் செய்கிற ஹார்மன் நிறுவனத்துக்குப் போனவர். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது எது என்று தெரியாமல் மக்களைக் கேட்க வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். நேர் முன்னால் சமச்சீராக ஒலித்து, பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலிக்கிற ஸ்பீக்கர்களையே மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிமையானது. நடு நாற்காலியில் இருந்தாலும்கூட நம் காதுக்கு வருவதில் பெரும்பங்கு சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிற ஒலி. அது பக்கவாட்டில் கிளம்பிய ஒலிதானே. ஆக அம்மாவுக்கு நல்லதாக இருக்கிற ஸ்பீக்கர் எனக்கும் நல்லதாகத்தான் இருக்கும்.

இதோடு நேரே கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் கோன் மாற்றித் தருகிற ஒருவர் இருக்கிறார். கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மைக் செட் போடுகிறவர்கள் அவரிடம்தான் வருவார்கள். கடை என்று சொல்ல முடியாது. ஒரு மேஜை, ஒரு சோல்டரிங் அயர்ன், தலைக்கு மேலே கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட காகிதக் கோன்கள். என் ஊஃபரைக் கழற்றி இரண்டு கட்டைவிரலையும் கோனின் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்து மெல்ல அழுத்திவிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோனார். கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், மேக்னட்டில் உரசினால் ‘சரக்’ என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. பிறகு ஒரு சாதாரண பென்டார்ச் செல்லை எடுத்து ஒயரில் தொட்டார். கோன் முன்னால் வந்தது. மற்றதிலும் தொட்டார், அதுவும் முன்னால் வந்தது. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பேஸ் காணாமல் போய்விடும். வீட்டுக்கு வீடு இந்தத் தப்புதான் நடக்கிறது, அதைச் சரிபண்ணாமலே புது ஸ்பீக்கர் வாங்கிவிடுகிறார்கள் என்றார்.

கிராஸ் ஓவரில் இருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் மட்டும் காய்ந்து போயிருந்தன. வயசானால் இவற்றின் உள்தடை ஏறும், ட்வீட்டருக்குப் போக வேண்டியது குறையும். ஃபிலிம் கெப்பாசிட்டராக மாற்றிப் போட்டார். கூலியோடு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அம்மாவின் புகாரைச் சொன்னேன். அவர் கயிற்றுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த குழாய் ஸ்பீக்கரைக் காட்டினார். “அதுல பேஸும் வராது, ஒண்ணும் வராதுங்க. ஆனா மூணு தெருவுக்கு வார்த்தை போவும். உங்குளுது பேஸுக்குச் செஞ்சதுங்க. அது சரி, ஊட்டுத் தரை என்ன, டைல்ஸா? அப்பப் பாதி அதுதானுங்க கத்துது.”

உண்மைதான். எங்கள் ஹால் 16-க்கு 12, உயரம் 10 அடி. தரை பளபளவென்று வழுக்குகிற வெட்ரிஃபைட் டைல்ஸ், சுவர் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ். நடுவில் நின்று கைதட்டினால் ‘ட்ர்ர்ங்’ என்று ஒரு வால் நீண்டு ஓயும். புதுசாகக் கட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் இந்த வால் இருக்கிறது; வெயிலுக்குக் குளுமை என்று டைல்ஸ் போட்டுவிட்டு, பேச்சு புரியாமல் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் ஏறினால் வார்த்தை எங்கே புரியும்?

வீட்டில் இருந்த பவானி ஜமக்காளத்தை விரித்துப் பார்த்தேன். மெல்லிசான விரிப்பு மேல்சுருதி ஒலியை மட்டும்தான் உறிஞ்சும். கீழே உள்ளது அப்படியே குதித்துக்கொண்டிருக்கும். ஒலி மந்தமாகிவிட்டதே தவிரத் தெளியவில்லை. கனமான பொருள் வேண்டும். உள்ளறையில் கிடந்த திவானை இலவம்பஞ்சு மெத்தையோடு ஹாலுக்கு இழுத்து வந்தோம். ஷோகேஸ் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் என் புத்தக அலமாரி. ஜன்னலுக்கு இரட்டை மடிப்புத் திரை. சேலத்தில் தறி ஓடுகிற அம்மாபேட்டையில் இருந்துகொண்டு துணிக்குப் பஞ்சமா? கைதட்டினால் வால் பாதியாகக் குறைந்துவிட்டது.

பேஸை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓர் அறையின் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாகப் பொருந்துகிற அதிர்வெண்ணில் அறையே அதிரும். எங்கள் ஹாலுக்கு நீளத்தில் சுமார் 35, அகலத்தில் 47, உயரத்தில் 56 ஹெர்ட்ஸ். போனில் ஒரு செயலியை வைத்து கீழிருந்து மேலாக ஒலியை ஏற்றிக்கொண்டே போனேன். 47 பக்கம் வந்ததும் ஹால் முழுக்க ‘ம்ம்ம்’ என்று உறுமி, பரண் மேலிருந்த பித்தளை அண்டா, அதன் மூடியோடு, கிடுகிடுவென்று ஆடியது. மனைவி ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “டவர் ஸ்பீக்கர் வந்தா மொதல்ல அண்டாவ இறக்கிடலாமா?” என்றாள். கேலிதான். ஆனால் கேள்வி நியாயமானது. டவரின் முக்கியமான வாக்குறுதியே 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்பது. இறங்கட்டும், இறங்கினால் என் அறையும் கூடவே உறுமும்.

இன்னொன்றும் உண்டு. 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியது: சத்தம் குறையக் குறைய நம் காதுக்குப் பேஸ்தான் முதலில் கேட்காமல் போகும். பழைய ஆம்புகளில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் வைத்தது அதற்காகத்தான். பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடுகிற பகல் முழுக்க அதன் ‘டக்டக்டக்’ மேலே ஏறித்தான் எங்கள் பாட்டு கேட்க வேண்டும். தறி நிற்கிற ராத்திரியில் மகள் படிக்கிறாள், சின்னதாகத்தான் வைக்க முடியும். பெங்களூர்க் கடையின் அந்த 35 ஹெர்ட்ஸ் எங்களுக்குக் கேட்கிற நேரம் என்று பார்த்தால் நாளில் ஒன்றுமில்லை.

இதற்கு நடுவில் ஏற்காடு. அங்கே காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சின்ன ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறது, 5 அங்குல ஊஃபர்தான். அவர் வீட்டில் அது பாடுவதைக் கேட்டால் நம் வீட்டுப் பெட்டியைத் தூக்கி வீசத் தோன்றும். ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரும். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டூடியோ. இன்றைக்கு முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அம்மா விரும்பிக் கேட்கிற பாட்டுகள் அந்தக் காலத்தவை. அத்தனையும் மோனோ.

மோனோ பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வந்து, நடுவில் பாடகர் நிற்பதாகத் தோன்றுகிறதல்லவா? அப்போது ஒவ்வொரு காதும் இரண்டு ஸ்பீக்கரையும் கேட்கிறது. தூரத்து ஸ்பீக்கரின் ஒலி தலையைச் சுற்றி வருவதால் கால் மில்லி விநாடி தாமதம். அந்தத் தாமதத்தில் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் அழித்துக்கொள்ளும். மறுபடியும் அதே மெய்யெழுத்துப் பகுதி! ஆகவே பழைய பாட்டுகளை ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். குரல் சட்டென்று முன்னால் வரும். பேலன்ஸ் குமிழைத் திருகினால் போதும், காசே ஆகாது.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நண்பர் வீட்டுக்குப் போனால், ஒலி ஏன் அங்கே அப்படி இருக்கிறது என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது. பழைய ஓட்டு வீடு. கூரைக்குக் கீழே மரப்பலகை, தரையிலும் பலகை, சுவர் இரண்டடி கனம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஃபேனே தேவையில்லை. எங்கள் ஹாலில் ஃபேனை நாலில் வைத்தால் வருகிற ‘விர்’ரில் ஒரு தம்பூராவே மூழ்கிவிடும். அங்கே காற்றில் சில்வர் ஓக் இலை அசைகிற சத்தத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அவருக்கும் தொல்லை உண்டு. மஞ்சு இறங்கினால் வீட்டுக்குள்ளேயே ஈரம். கோனில் பூஞ்சை பூக்கிறது, ரெக்கார்டு உறையெல்லாம் புள்ளி. அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைத்திருக்கிறார்.

“இங்க கேட்டு முடிவு பண்ணாதீங்க. எடுத்துட்டுப் போங்க, ஒரு வாரம் வெச்சுப் பாருங்க” என்றார். ஸ்பீக்கர் வைத்திருக்கும் நண்பர்களில் இப்படிச் சொல்கிறவர் அபூர்வம். ஒரு கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் வைத்து, ஒவ்வொரு வளைவிலும் மனசு கிடந்து அடித்துக்கொள்ள இறக்கிக் கொண்டுவந்தேன்.

அதன் அமைப்பு வேறு. ஊஃபர் சின்னது. ட்வீட்டர் நேராகப் பலகையில் இல்லாமல் ஆழமில்லாத ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிராஸ் ஓவர் 2,000-ஐ ஒட்டி. ஊஃபர் குவியத் தொடங்கும் முன்பே பொறுப்பை ட்வீட்டர் வாங்கிக்கொள்கிறது; அந்தக் குழி ட்வீட்டரின் பரப்பைக் கொஞ்சம் அடக்கி, ஊஃபரின் பரப்போடு ஒட்ட வைக்கிறது. இரைச்சலைப் போட்டு நடந்து பார்த்தேன். ஹாலின் ஓரம் வரை குணம் மாறவில்லை.

சரி, யார் தீர்ப்புச் சொல்வது? டூலும் அவரோடு ஹார்மனில் வேலை பார்த்த ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஹார்மன் ஊழியர்கள் 40 பேருக்கு அதே ஸ்பீக்கர்களைத் திரை போட்டு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியும்படி ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் பெரிய, அழகான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன, மலிவான பிளாஸ்டிக் செட்டுக்குச் சரிந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்காரர்களே இப்படித்தான். என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை. டவர் என்றால் எனக்கு ஒரு மயக்கம்.

அம்மாவுக்குக் கண்ணைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. சமையலறையிலிருந்து ஸ்பீக்கர் தெரியாது. போனில் ஒலி அளவை ஒன்றாகப் பொருத்தி வைத்துக்கொண்டு, பழைய ஜோடியையும் நண்பரின் ஜோடியையும் மாற்றி மாற்றிப் போட்டேன். மனைவி ஒயரை மாற்றினாள். அம்மாவிடம் எதற்கு என்று சொல்லவில்லை. அவர் புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டறியாத பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பழையதில் “ஏதோ நெலான்னு வருது” என்பதோடு நின்றது. சின்னதில் முழு வரியும் சொன்னார், கூடவே “இந்தாளுக்கு ‘ழ’ வரல” என்று பாடகருக்கு மார்க்கும் போட்டார். மாற்றிப் போட்டபோது மறுபடியும் அப்படியே. கடைசியில், “இப்ப ஓடுற செட்டையே வெச்சுக்க” என்றார். அப்போது ஓடிக்கொண்டிருந்தது சின்னது.

எனக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். தவிலும் பெரிய ஆர்கெஸ்ட்ராவும் வரும் இடங்களில் சின்னது மெலிகிறது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அதிகமாக ஒன்றும் இல்லை. பழைய பெட்டியில் தவிலின் தொப்பி நெஞ்சில் வந்து தட்டும். இதில் காதோடு நின்றுவிடுகிறது. அது எனக்கு இழப்புதான், மழுப்ப விரும்பவில்லை. சப்-ஊஃபர் ஒன்று சேர்த்தால் திரும்பக் கிடைக்கும். ஆனால் எங்கள் ஹாலின் ஒரு சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர். அங்கே காலை நாலு மணிக்கு எழுந்து தறிக்குப் பாவு ஓட்டப் போகிறவர் இருக்கிறார். பேஸ் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் என்பதற்கு அண்டாவே சாட்சி. சப்-ஊஃபர் இப்போதைக்கு இல்லை.

ஆக முடிவு இதுதான்: மாற்றுகிறேன், ஆனால் டவர் இல்லை. நண்பருடையதைப் போன்ற ஒரு சின்ன ஜோடி, 45,000-க்குள். பெங்களூர் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஆம்ப் அதே ஆம்ப். 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் செய்து காட்டிய காயில், மேக்னட், காகிதக் கோன் என்ற அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பெட்டியின் வடிவிலும் கிராஸ் ஓவர் கணக்கிலும்தான் இந்த இருபது வருஷத்தில் முன்னேறியிருக்கிறார்கள், அந்த முன்னேற்றத்துக்கு மட்டும் காசு கொடுக்கிறேன். கேபிளுக்கு ஒரு பைசா கூடுதலாகக் கிடையாது. உங்கள் வீட்டில் நிஜமாகவே ஒருவர் தனியாக, சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார், அறையும் பெரிது, பக்கத்துச் சுவரும் இல்லை என்றால் கணக்கு வேறு. டவரையே வாங்குங்கள், நான் வந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.

வாங்குவது ஆடி கழிந்துதான். ஆடிக்குப் பிறகு வரும் தள்ளுபடிக்காகக் காத்திருப்பதாக மனைவி நினைக்கிறாள். சேலத்தில் ஆடி மாசம் தெருவுக்குத் தெரு மாரியம்மன் கோயில் பண்டிகை. விடிகாலையிலிருந்து குழாய் ஸ்பீக்கர்தான். புது ஸ்பீக்கரை அந்த மாசத்தில் பிரித்து என்ன கேட்பது?

அதற்குள் ஸ்டாண்டு வேலையை முடித்துவிடலாம் என்று கொண்டலாம்பட்டியில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். உயரம்தான் குழப்பம். உட்கார்ந்திருக்கும் என் காது தரையிலிருந்து மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே. நின்றுகொண்டிருக்கும் அம்மாவின் காது நாலே முக்கால். ட்வீட்டர் மூன்றரை அடியில் வருகிற மாதிரி சொன்னேன். குழாய்க்குள் மணல் நிரப்ப வேண்டும், அதற்கு மேலே ஒரு மூடி வேண்டும் என்றதும் பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சாமி செலைக்குங்களா?” என்றார். ஸ்பீக்கருக்கு என்றேன். இரண்டுக்கும் சேர்த்து 3,200, பெயின்ட் தனி என்றார். மணல் நாங்களே கொண்டுவர வேண்டுமாம்.